இருநூறு மதிப்பெண்ணும் ஒரு பிடி தீனியும்

1933ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், நியூயார்க் நகருக்கு வடக்கே மவுண்ட் கிஸ்கோ என்னும் ஊரில், ஒரு பண்ணை வீட்டின் புல்வெளியில் எட்டு நாய்கள் தேர்வுக்கு வந்து நின்றன. தேர்வு என்பது மிகையன்று. நடுவர் இருந்தார், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகாட்ட வேண்டிய பயிற்சிகள் இருந்தன, மதிப்பெண் தாளும் இருந்தது. வளர்ப்பவரின் இடப்பக்கம் ஒட்டி நடக்க வேண்டும். அழைத்தால் வர வேண்டும். எறிந்த மர டம்பெல்லை எடுத்து வர வேண்டும். தடையைத் தாண்ட வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது இறுதியில் வந்தது: வளர்ப்பவர் கண்ணுக்கு மறைந்த பிறகும் சொன்ன இடத்தில் சொன்னபடி காத்திருக்க வேண்டும். வந்த எட்டில் மூன்று பூடில், இரண்டு லாப்ரடார், இரண்டு ஸ்பிரிங்கர் ஸ்பானியல், ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு. இன்று உலகெங்கும் வார இறுதிதோறும் நடக்கும் நாய் விளையாட்டுப் போட்டிகளின் வம்சாவளியைத் தேடிச் சென்றால், ஒரு முக்கியமான கிளை இந்தப் புல்வெளியில்தான் முளைத்திருக்கிறது.

இதை ஏற்பாடு செய்தவர் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர். பெரிய வகைப் பூடில்களை வளர்த்தவர். அக்காலத்து அமெரிக்கர்களுக்குப் பூடில் என்றாலே நகைப்பு. பின்பாதி மழிக்கப்பட்டு, நெஞ்சில் பிடரியும் கால்மூட்டுகளில் பஞ்சுருண்டைகளுமாகக் கண்காட்சியில் வந்து நிற்கும் அந்த நாய், செல்வந்தர் வீட்டு அலங்காரப் பொருளாகவே பார்க்கப்பட்டது. உண்மையில் பூடில் நீரில் உழைத்த இனம். சுடப்பட்டு நீர்நிலையில் விழுந்த பறவையை நீந்திச் சென்று எடுத்து வருவது அதன் தொழில். மயிர் மழிப்பும் நீந்துவதற்கு எளிதாக இருக்கவும், நெஞ்சும் மூட்டுகளும் குளிரில் விறைக்காமல் இருக்கவும் வேட்டைக்காரர்கள் செய்த ஏற்பாடு என்றே சொல்லப்படுகிறது. தொழில் மறைந்தது, தொழிலுக்கான உடை மட்டும் மிஞ்சியது. உடையைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

சிரித்தவர்களோடு வாக்கர் வாதாடவில்லை. எந்த இனத்து நாயும் ஒரே வரிசையில் நின்று எதிர்கொள்ளக்கூடிய ஒரு பொதுத்தேர்வை உண்டாக்கினார். அழகுப் போட்டியில் நாயின் எலும்பையும் மயிரையும் நடையையும் இனத்துக்குரிய இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்; அங்கே நாய் நிற்கக் கற்றிருந்தால் போதும். வாக்கரின் தேர்வில் நாய் எதைக் கற்றிருக்கிறது என்பதே கேள்வி. இந்தச் சிறிய மாற்றத்துக்குள் ஒரு பெரிய மாற்றம் ஒளிந்திருந்தது. நாயைச் சோதித்தால், அதற்குக் கற்பித்தவரையும் சோதித்தாக வேண்டும்.

நாய்களுக்குத் தேர்வு வைப்பது அவருடைய கண்டுபிடிப்பு அன்று. ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் 1899இல் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்துக்கான சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அச்சங்கம், காவலுக்கும் மோப்பத்துக்கும் நாய்களைச் சோதித்து, தேறியவற்றை இனவிருத்திக்குத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்திலும் 1924 முதல் ஆட்டுமந்தை, காவல்துறை, இராணுவ நாய்களுக்கான ஒரு கூட்டமைப்பு போட்டிகளை நடத்தி வந்தது. வாக்கருக்கு முன்மாதிரி அங்கிருந்தே கிடைத்தது. ஆனால் அவையெல்லாம் வேலை நாய்களுக்கானவை. மவுண்ட் கிஸ்கோவில் வந்து நின்றவை வீட்டு நாய்கள்; அழைத்து வந்தவர்கள் தொழில்முறைப் பயிற்றுநர்கள் அல்லர். ஒரு சங்கம் முளைப்பதற்கு வேண்டிய விதை அந்த வேறுபாட்டில் இருந்தது. காவல்துறைக்குச் சில நூறு நாய்கள் போதும். வீட்டு நாய்க்கோ எண்ணிக்கை இல்லை.

1934இல் தன் நாய்களைக் கவனித்துக்கொள்ள உதவியாளர் தேவை என்று வாக்கர் விளம்பரம் செய்தார். வந்து சேர்ந்தவர் பிளாஞ்ச் சாண்டர்ஸ். கால்நடை வளர்ப்பு படித்தவர். பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தவர். வாக்கரிடம் பணமும் தொடர்புகளும் எழுதும் ஆற்றலும் இருந்தன. சாண்டர்ஸிடம் விலங்கின் அருகில் நிற்கத் தெரிந்த கை இருந்தது. பின்னர் தெரியவந்தபடி, மனிதருக்குக் கற்பிக்கத் தெரிந்த நாவும் இருந்தது. அவ்வாண்டே வாக்கர் இங்கிலாந்து சென்று அங்குள்ள தேர்வு முறைகளை நேரில் பார்த்துத் திரும்பினார். 1935 இறுதியில் அமெரிக்கன் கென்னல் கிளப்புக்கு விரிவான நடைமுறையை எழுதி அனுப்பினார். 1936இல் அந்த அமைப்பு கீழ்ப்படிதல் தேர்வுகளுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. ஒரு வீட்டுத் தோட்டத்துச் சோதனை மூன்றே ஆண்டுகளில் தேசிய அளவில் பட்டம் தரும் தேர்வாயிற்று.

விதிமுறை வந்துவிட்டால் சங்கம் வந்துவிடுமா? வராது என்று அந்த இருவருக்கும் தெரிந்திருந்தது. 1937இல் காருக்குப் பின்னால் 21 அடி நீள ட்ரெய்லர் ஒன்றை மாட்டிக்கொண்டு, மூன்று பூடில்களுடன் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து திரும்பினார்கள். ஏறத்தாழ 10,000 மைல், அதாவது சுமார் 16,000 கிலோமீட்டர். நாய்க் கண்காட்சி நடக்கும் ஊர்களிலெல்லாம் நிறுத்தி, களத்தின் நடுவே அந்தப் பூடில்களைக் கொண்டு பயிற்சிகளைச் செய்துகாட்டினார்கள். உலகப் பொருளாதார மந்தம் முற்றாக நீங்காத காலம். இரண்டு பெண்கள் தனியாக வண்டியோட்டிச் சென்றதும், அவர்கள் அவிழ்த்துவிட்ட பூடில்கள் சொன்னதைச் செய்ததும் பார்த்தவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்க வேண்டும். பார்த்தவர்களிடமிருந்து எழக்கூடிய கேள்வி ஒன்றுதான்: "என் நாயாலும் இது முடியுமா?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது. அதுதான் பயிற்சிச் சங்கம். கண்காட்சி நடத்தும் சங்கம் ஆண்டுக்கு ஓரிரு நாள் கூடினால் போதும். பயிற்சிச் சங்கமோ வாரந்தோறும் கூட வேண்டும். ஏனெனில் பழக்கம் வாரந்தோறும்தான் உருவாகிறது. தேவாலயத்தின் கீழ்த்தளம், பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம், மழைக்கு ஒதுங்க இடமுள்ள வாகன நிறுத்துமிடம் என்று கிடைத்த இடத்தில் வட்டமாக நின்றார்கள். நடுவே ஒரு பயிற்றுநர். அவரும் பெரும்பாலும் ஊதியமில்லாத உறுப்பினர். இரண்டாண்டுகளுக்கு முன் அதே வட்டத்தில் நின்று தடுமாறியவர். புதியவர்களிடம் வாங்கும் சிறு கட்டணத்தில் வாடகை கட்டினார்கள். தடைகளும் பாய்களும் வாங்கினார்கள். முதலில் உறுப்பினர்களுக்குள் பயிற்சிப் போட்டி. அதைச் செம்மையாக நடத்திக்காட்டிய பிறகு உரிமம் பெற்ற போட்டி. போட்டிக்கு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். தங்கள் ஊருக்குத் திரும்பிச் சென்று இன்னொரு சங்கம் தொடங்கினார்கள். இந்தச் சங்கிலியில் முக்கியக் கண்ணி வெற்றி பெற்ற நாய் அன்று. முதல் வகுப்பில் அவமானப்பட்டவர் அடுத்த வாரமும் வருகிறாரா என்பதே சங்கத்தின் ஆயுளைத் தீர்மானித்தது.

சாண்டர்ஸுக்கு இது புரிந்திருந்தது. 1940களில் நியூயார்க்கில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் ஆதரவில் பொதுமக்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். ராக்கஃபெல்லர் பிளாசாவிலும் யாங்கி ஸ்டேடியத்திலும் செய்முறைக் காட்சிகள் நடத்தினார். 1946இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே, நாய்க்குப் பயிற்சியளிக்க வளர்ப்பவரைப் பயிற்றுவது என்ற பொருளில் அமைந்தது. நாயை விடுதியில் விட்டுவிட்டு ஆறு வாரம் கழித்துப் 'பழகிய' நாயாகத் திரும்பப் பெறும் வழக்கம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அப்படித் திரும்பும் நாய், கற்பித்தவரிடம் கற்றதை வளர்ப்பவரிடம் செய்வதில்லை என்று வளர்ப்பவர் குறைப்படுவதும் அன்றுபோல் இன்றும் உண்டு. வட்டத்தில் நின்று நாயோடு சேர்ந்து வளர்ப்பவரும் கற்பதே வழி என்பதைச் சங்கங்கள் நடைமுறையில் நிலைநாட்டின.

இந்த இடத்தில் மதிப்பெண் தாளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இன்றைய அமெரிக்க விதிப்படி கீழ்ப்படிதல் தேர்வின் முழு மதிப்பெண் 200. தேறுவதற்கு 170 வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் பெற்றிருக்கவும் வேண்டும். இப்படி மூன்று போட்டிகளில் தேறினால் ஒரு பட்டம். கணக்கு எளிது. ஆனால் அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. களத்தில் இறங்கும்போது ஒவ்வொரு நாயிடமும் 200 இருக்கிறது. உட்காரும்போது கோணலாக உட்கார்ந்தால் குறைப்பு. நடக்கையில் ஒரு முழம் பின்தங்கினால் குறைப்பு. இரண்டாம் முறை அழைக்க நேர்ந்தால் அந்தப் பயிற்சியே போயிற்று. நடுவரின் பென்சில் கூட்டுவதற்கு எழுவதில்லை. சிறப்பாகச் செய்ததற்கென்று சேர்க்க ஒரு கட்டமும் தாளில் இல்லை. பிழை இல்லாமையே சிறப்பு. ஆய்வேட்டின் ஓரங்களில் சிவப்பு மையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

தேர்வின் வடிவம் வகுப்பின் வடிவத்தையும் தீர்மானித்தது. பிழையைக் கழிக்கும் தேர்வுக்குப் பிழையைத் தண்டிக்கும் வகுப்பு இயல்பாகப் பொருந்தியது. ஜெர்மானியக் காவல்துறையில் பணிபுரிந்த கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய பயிற்சி நூலில், நாய் செய்ததற்கும் அதற்குக் கிடைக்கும் விளைவுக்கும் இடையே காலதாமதம் கூடாது என்ற நுட்பமான உண்மை இருந்தது. ஆனால் அந்த விளைவு பெரும்பாலும் வலியாக இருந்தது. அமெரிக்காவில் வில்லியம் கோலர் 1962இல் வெளியிட்ட நூல் பல்லாயிரம் வகுப்புகளுக்கு வழிகாட்டியது. இறுகும் சங்கிலிப் பட்டை, வெடுக்கென்ற ஓர் இழுப்பு, பிறகு பாராட்டு. இம்முறையில் பல நாய்கள் கற்றன என்பதையும் மறுக்க முடியாது. கற்காத நாய்களும் இருந்தன. இழுப்புக்குச் சுருண்டுகொண்டவை, பயந்து கடித்தவை, பயிற்சிக் கூடத்தின் வாசலைக் கண்டதும் கால்களை ஊன்றிக்கொண்டவை. அவற்றின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவற்றை அழைத்து வந்தவர்கள் மறுவாரம் வரவில்லை.

வேறு வழி தெரியாமல் இருந்ததா? ஆய்வாளர்கள் இங்கேதான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வேறு வழி ஏற்கெனவே ஆய்வகத்தில் இருந்தது. பி. எஃப். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரெலண்டும் மரியன் பிரெலண்டும் 1940களிலேயே ஆய்வகத்தை விட்டு வெளியேறி, உணவையும் ஓர் ஒலிக்குறியையும் கொண்டு விலங்குகளைப் பயிற்றுவிக்கும் தொழிலைத் தொடங்கினார்கள். நாய் சரியாகச் செய்யும் அந்த நொடியில் ஒரு 'டிக்' ஒலி. உடனே ஒரு துண்டுத் தீனி. அந்த ஒலி நாய்க்குச் சொல்வது ஒன்றே: 'இதுதான், இப்போது செய்தாயே அதுதான்.' நாய் பயிற்றுநர்களிடம் இம்முறையைக் கொண்டு சென்றபோது அவர்களுக்கு வரவேற்பு கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் வித்தை கற்பித்து, விளம்பர நிகழ்ச்சிகளால் பிழைத்தார்கள். 1951இல் ஸ்கின்னரே ஸயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில், விலங்குகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று பொதுவாசகருக்குப் புரியும்படி எழுதினார். பயிற்சிச் சங்கங்களில் எதுவும் அசையவில்லை.

இம்முறை நாய் உலகுக்குள் வந்தது கடல் வழியாக. 1960களில் ஹவாயின் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் டால்பின்களைப் பயிற்றுவித்த கேரன் பிரையர், 1984இல் அந்த அனுபவத்தை நூலாக்கினார். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை மாட்ட முடியாது. வெடுக்கென்று இழுக்கவும் முடியாது. பிடிக்கவில்லை என்றால் அது குளத்தின் மறுகோடிக்கு நீந்திச் சென்றுவிடும். கற்பவர் விலகிச் செல்ல உரிமையுள்ள வகுப்பில், கற்பிப்பவர் தன் முறையைத் திருத்திக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. 1990களின் தொடக்கத்தில் நாய் பயிற்றுநர்களுக்குப் பிரையர் கருத்தரங்குகள் நடத்தத் தொடங்கிய பிறகே, உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறிய 'கிளிக்கர்' சங்கங்களுக்குள் பரவியது.

இடையில் கழிந்தவை நாற்பது ஆண்டுகளுக்கு மேல். அறிவு இல்லாததால் நேர்ந்த தாமதம் அன்று இது. சங்கம் தன்னை வளர்த்துக்கொண்ட அதே வழியே அறிவுக்குக் கதவடைத்தது. பயிற்றுநர் தான் கற்ற முறையில்தான் கற்பிக்கிறார்; அந்த முறையில் தேறியதால்தான் அவர் பயிற்றுநர் ஆனார். அம்முறையில் தோற்று வெளியேறியவர் சாட்சி சொல்ல அங்கே இல்லை. வட்டத்தைச் சுற்றிப் பார்க்கும் மூத்தவருக்கு எஞ்சி நிற்பவர்கள் மட்டுமே தெரிகிறார்கள். ஆகவே முறை சரியாகவே இருப்பதாகத் தெரிகிறது. "நாங்களும் இப்படித்தான் கற்றோம்" என்ற வாக்கியம் நாய்ச் சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று.

மாற்றத்தை உள்ளே கொண்டுவந்ததில் வாதங்களைவிட ஒரு விளையாட்டுக்குப் பங்கு அதிகம். 1978 பிப்ரவரியில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட வெற்று நேரத்தை நிரப்ப ஏதாவது வேண்டும் என்று குழு உறுப்பினர் ஜான் வார்லி எண்ணினார். பீட்டர் மீன்வெல் என்பவரின் உதவியுடன், குதிரைகளின் தடைதாண்டும் போட்டியை நாய்களுக்கு ஏற்பச் சுருக்கி ஒரு காட்சி அமைத்தார்கள். தாண்டும் கம்பங்கள், ஏறி இறங்கும் சரிவுப் பலகை, துணிச் சுரங்கம், வளைந்து வளைந்து ஓடும் கம்ப வரிசை. இரண்டு அணி, அணிக்கு நான்கு நாய். இடைவேளைக்கு வந்தது நிலைத்துவிட்டது. இதற்குப் பெயர் 'அஜிலிட்டி'. 1980இலேயே பிரிட்டனின் கென்னல் கிளப் இதற்கு விதிகள் வகுத்து அங்கீகரித்தது. 1986இல் அமெரிக்காவில் இதற்கெனத் தனி அமைப்பு தோன்றியது. 1994இல் அமெரிக்கன் கென்னல் கிளப் இதை ஏற்றது. 1996இல் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியது. ஒரு நிரப்பு நிகழ்ச்சி பதினெட்டே ஆண்டுகளில் உலக விளையாட்டாயிற்று.

இந்த வேகத்துக்குக் காரணம் பார்ப்பதற்கு அழகாக இருப்பது மட்டுமன்று. அஜிலிட்டியில் நாய் கயிறின்றி ஓடுகிறது. ஓட்டுபவர் நாயைத் தொட்டால் பிழை. தடையைத் தொட்டாலும் பிழை. சரிவுப் பலகையின் அடிப்பகுதியில் வண்ணம் பூசிய பரப்பை நாயின் கால் தொட வேண்டும். குதித்து இறங்கி அதைத் தவறவிட்டால் பிழை. தடைகளின் வரிசை ஒவ்வொரு போட்டிக்கும் மாறும். அன்று காலைதான் தெரியும். இருபதடி தள்ளி, முழு வேகத்தில் ஓடும் விலங்குக்கு அடுத்தது எது என்று சொல்லக் குரலும் உடலின் திருப்பமும் மட்டுமே கருவிகள். மிரட்டிக் கற்பித்த நாய் இங்கே மெதுவாக ஓடும். அல்லது களத்தை விட்டு வெளியேறி வாசலுக்கு ஓடும். பிரையரின் டால்பினுக்கு இருந்த உரிமை நாய்க்கும் கிடைத்துவிட்டது. அதன்பிறகு தீனிப்பையையும் கிளிக்கரையும் யாரும் எந்தச் சங்கத்துக்கும் பரிந்துரைக்க வேண்டியிருக்கவில்லை. வெல்ல விரும்பியவர்கள் தாமே கொண்டுவந்தார்கள்.

போட்டி தொடங்குமுன் ஒரு காட்சி உண்டு. நாய்களைக் கூண்டில் விட்டுவிட்டு, ஓட்டுபவர்கள் மட்டும் களத்துக்குள் வந்து பாதையை நடந்து பார்க்க சில நிமிடம் தரப்படும். இருபது முப்பது பேர், பலர் நடுவயதைக் கடந்தவர்கள், இல்லாத நாய்க்குக் கைகாட்டியபடி, திடீரென்று திரும்பியும், மூன்றடி ஓடியும், உதடசைத்தும் தமக்குள் ஒத்திகை பார்ப்பார்கள். அறியாதவர் பார்த்தால் சிரிப்பார். நாய் ஓடுமுன் மனிதர் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கணத்தில் தோளைத் திருப்ப வேண்டும் என்பதை அவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டம் முடிந்ததும் அனுபவசாலிகளிடம் அடிக்கடி கேட்கக்கூடிய வாக்கியம், "நான் தாமதமாகச் சொன்னேன்" என்பது. நாயின் தவறு என்று சொல்பவர் பெரும்பாலும் புதியவர்.

கற்பிக்கும் முறையில் கதவு திறந்ததுபோல் சேர்க்கையிலும் கதவு திறந்ததா? அது இன்னும் மெதுவாகவே திறந்தது. இனத்தூய்மைப் பதிவேட்டைக் காப்பதற்காகத் தோன்றிய அமைப்புகளே பயிற்சிப் போட்டிகளையும் நடத்தியதால், பதிவுச் சீட்டு இல்லாத கலப்பின நாய், கற்றதெல்லாம் கற்றிருந்தும் களத்துக்கு வெளியே நின்றது. எந்த இனத்து நாய்க்கும் பொதுவாக இருக்கட்டும் என்று தொடங்கிய தேர்வுக்குள், எந்த இனமும் இல்லாத நாய்க்கு இடமில்லாமல் போயிற்று. 1989இல் அமெரிக்கன் கென்னல் கிளப் தொடங்கிய 'நற்குடிமை நாய்' தேர்வு முதலிலிருந்தே கலப்பின நாய்களையும் ஏற்றது. அதில் மதிப்பெண்ணும் இல்லை. அந்நியர் நெருங்கும்போது அமைதி, கூட்டத்தில் நடை, இன்னொரு நாயைக் கண்டால் நிதானம் போன்ற பத்துச் சோதனைகள் மட்டுமே. ஆனால் பட்டம் தரும் கீழ்ப்படிதல் போட்டிக்கும் அஜிலிட்டிக்கும் கலப்பின நாய்கள் வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மவுண்ட் கிஸ்கோவிலிருந்து கணக்கிட்டால் எழுபத்தேழு ஆண்டுகள். 2014இல் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சி தன் முதல் அஜிலிட்டிச் சாம்பியன் போட்டியைக் கலப்பின நாய்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தியது. பத்தாண்டுக்குப் பின், 2024இல், அந்தப் போட்டியின் ஒட்டுமொத்த வெற்றியை முதன்முறையாக ஒரு கலப்பின நாய் பெற்றது. நிம்பிள் என்று பெயர். பார்டர் காலியும் பாப்பியோனும் கலந்த சிறிய நாய்.

வளர்ச்சியின் விலையையும் சொல்லாமல் விடக்கூடாது. நொடியின் நூற்றில் ஒரு பங்கைக் கணக்கிடும் விளையாட்டாக அஜிலிட்டி மாறியபோது, ஒரே இனத்தின் ஆதிக்கம் வந்தது. நிம்பிளைப் போலக் கலப்பினங்களும் போட்டிக்கென்றே திட்டமிட்டு உருவாக்கப்படுவதுண்டு. தெருவில் கிடந்து மீட்கப்பட்ட நாய் வென்ற கதையாக அதைப் படிப்பது பிழை. அஜிலிட்டி நாய்களைப் பற்றி நடந்த ஆய்வுகளில், ஏறத்தாழ மூன்றில் ஒரு நாய்க்கு ஏதேனும் ஒரு காலத்தில் காயம் ஏற்பட்டதாக வளர்ப்பவர்கள் தெரிவித்திருக்கிறார்கள். தோளும் முதுகும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. தீனியைக் காட்டிக் கற்பிப்பதாலேயே கொடுமை நீங்கிவிடுவதில்லை. வலியை மறைத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு ஓடும் நாயிடம் 'போதும்' என்று சொல்ல வேண்டியவர் மனிதர்தான். அதற்கு மதிப்பெண் எந்தத் தாளிலும் இல்லை.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவருக்கு வேறொரு கணக்கு மனத்தில் ஓடும். இங்கே நாய்ச் சங்கம் என்றவுடன் நினைவுக்கு வருவது கண்காட்சி. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அங்கே பதிவு பெறுகின்றன. கர்நாடகத்தின் முதோள் நாய்களை 2016இல் மீரட்டிலுள்ள இராணுவப் பயிற்சி மையம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது; நாட்டு இனத்துக்கும் கற்பிக்கலாம் என்ற ஏற்பு அவ்வளவு பிந்தி வந்தது. ஆனால் இந்த நாட்டு நாய்களில் பெரும்பாலானவை எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. பிஸ்கட் போடும் கடைக்காரரையும் கல்லெறியும் சிறுவனையும் குரலால் அடையாளம் காணும் தெருநாய்கள் அவை. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அவற்றைச் சமூக விலங்குகள் என்று பெயரிட்டன. தெருநாய் பற்றிய இன்றைய விவாதத்தில் அச்சமும் பரிவும் உரத்துப் பேசுகின்றன. கடிபட்ட குழந்தையின் தாய்க்கும், குட்டிகளுக்குப் பால் ஊற்றும் பெண்ணுக்கும் சொல்ல நியாயம் இருக்கிறது. இருவருக்கும் பொதுவாகக் கற்க வேண்டியது ஒன்று உண்டு: நாயின் காதும் வாலும் உடலின் விறைப்பும் என்ன சொல்கின்றன என்பது. அதைக் கற்பிக்க நம் ஊர்களில் வாரந்தோறும் கூடும் இடங்கள் மிகக் குறைவு. பயிற்சி என்பது வசதியுள்ளவர் வீட்டு இறக்குமதி நாய்க்கு, வீடு தேடி வரும் பயிற்றுநர் தருவது என்றே பெரும்பாலும் இருக்கிறது. தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு நாட்டு நாயோடு, தயக்கமின்றி ஒருவர் சென்று நிற்கக்கூடிய வட்டம் உருவானால், அது மவுண்ட் கிஸ்கோவின் நகலாக இருக்க வேண்டியதில்லை. முதல் எழுபத்தேழு ஆண்டுகளின் பிழையைத் தவிர்த்துக்கொண்டு அது தொடங்கலாம்.

பிளாஞ்ச் சாண்டர்ஸ் 1964இல் இறந்தார். ஹெலன் வாக்கர் 1986 வரை வாழ்ந்தார். அமெரிக்காவில் அஜிலிட்டிக்குத் தனி அமைப்பு தோன்றிய அதே ஆண்டு. பூடில்களைக் கண்டு சிரித்தவர்களுக்கு அவர் சொல்ல விரும்பியது எப்போதோ நிறுவப்பட்டுவிட்டது. இன்று அந்தத் தர்க்கம் யாருக்கும் நினைவில் இல்லை. நினைவில் இருப்பது வட்டம். இந்த வாரமும் உலகின் ஏதோ ஒரு கூடத்தில், முதல் வகுப்புக்கு வந்த ஒருவர் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குரைப்பதை நிறுத்தாத தன் நாயைப் பார்த்து முகம் சிவந்து நிற்பார். மற்ற நாய்களெல்லாம் உட்கார்ந்திருக்கும். பயிற்றுநர் அருகில் வந்து என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்து, அவர் அடுத்த வாரம் வருவார் அல்லது வரமாட்டார். நாய் ஒரு கணம் மூச்சு வாங்க நிறுத்தும். அந்தக் கணத்தில் தீனியை நீட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், வருவார்.